அளக்காமல் எழுதிய 0.30

புஷ்பா கேட்டது இரண்டு பக்கம்தான்.

"அக்கா, லேப்ல புது மெஷின் வருது. அதுவே அரைச்சு அதுவே அளக்குமாம். வந்திருக்கிறதெல்லாம் புதுப் பிள்ளைங்க. முன்னாடி கையால எப்படிச் செஞ்சாங்கன்னு தெரியட்டுமே. சின்னதா எழுதிக் கொடுங்க லா. நல்லதா நாலு வார்த்தை, போதும்."

புஷ்பா இப்போது எங்கள் தொழிற்சாலையில் வெட்டுப் பரிசோதனை அறைக்குப் பொறுப்பாளர். அந்த அறையில் நான் பதினாறு வருடம் இருந்தேன். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. அவள் சொன்னபடி இரண்டு பக்கம் நல்லதாகவே எழுதி முடித்தேன். மறுநாள் படித்துப் பார்த்தேன். அதில் எழுதியது எதுவும் பொய் இல்லை. ஆனாலும் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவதாக எழுதுவது.

எனக்குப் பேச வராது. கூட்டத்தில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கழுத்து வேர்த்துவிடும். பள்ளியில் ஐந்தாம் பாரம் வரை படித்தேன். பிறகு கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். தொலைக்காட்சியையோ வானொலியையோ திறந்தால் உள்ளே பச்சை நிறத்தில் ஒரு பலகை இருக்குமே, அந்தச் சர்க்யூட் போர்டைத்தான் இங்கே செய்கிறார்கள். முதலில் துளையிடும் பிரிவு, பிறகு விளக்கடியில் போர்டைத் திருப்பித் திருப்பிக் கீறல் பார்க்கும் பிரிவு. அதன் பிறகு வெட்டுப் பரிசோதனை அறை. அந்த அறைக்குப் போக யாரும் விரும்பவில்லை. நாள் முழுக்க அரவை இயந்திரத்தின் இரைச்சல், பிசின் நாற்றம், ஈரக் கை. எனக்குப் பிடித்திருந்தது. இரைச்சலில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

புதுப் பிள்ளைகளுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். போர்டில் ஊசி முனை அளவில் நூற்றுக்கணக்கான துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையின் உட்சுவரிலும் செம்பு பூசியிருக்கும். ஒரு அடுக்கிலிருந்து இன்னொரு அடுக்குக்கு மின்சாரம் அந்தச் செம்பு வழியாகத்தான் போகும். செம்பு மெலிந்திருந்தால் முதல் நாள் எல்லாம் சரியாகவே வேலை செய்யும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒரு நாள் சுவர் விரிசல் விடும். இதை வெளியிலிருந்து எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் அதே துளைகளோடு ஒரு சிறு மாதிரித் துண்டு விட்டிருப்பார்கள். அதை வெட்டி எடுத்து, சிறு கிண்ணத்தில் நிறுத்திப் பிசின் ஊற்றுவோம். இறுகியதும் ஐம்பது காசு நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய வில்லையாக வரும். அதைத் தண்ணீர் ஓடும் உப்புத்தாளில் அரைக்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நைசு, பிறகு இன்னும் நைசு. துளை சரியாகப் பாதியாகும் இடத்தில் நிறுத்தி, மெருகேற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துச் செம்பின் கனத்தை அளக்க வேண்டும்.

சரியாகப் பாதியில் நிறுத்துவதுதான் வேலை. நோன்புப் பெருநாளுக்கு லெமாங் சோறு வெந்த மூங்கிலைப் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் பிளந்தால் மூங்கில் சுவரின் உண்மையான கனம் தெரியும். ஓரமாகச் சீவினால் கத்தி சுவரில் சாய்வாக இறங்கும். அதே மூங்கில் தடித்துத் தெரியும். துளையும் அப்படித்தான். நடுவுக்கு வராமல் நிறுத்திவிட்டால் மெலிந்த செம்பும் நல்ல செம்பாகத் தெரியும். இந்த வேலையில் தவறு நேர்ந்தால் அளவு எப்போதும் நல்ல பக்கமாகவே ஏமாற்றும்.

அதற்காகத்தான் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. துளையின் அகலம். கனத்தை அளக்கும் முன் வெட்டில் தெரியும் துளையின் அகலத்தை அளக்க வேண்டும். 0.30 மில்லிமீட்டர் ஊசியால் போட்ட துளை என்றால் அகலமும் அதை ஒட்டி இருக்க வேண்டும். குறைந்திருந்தால் இன்னும் நடுவுக்கு வரவில்லை என்று பொருள். கனத்தை எழுதக்கூடாது. மறுபடி அரைக்க வேண்டும்.

இதை எனக்குச் சொன்னவர் மிஸ்டர் ஜெயா. முழுப்பெயர் ஜெயசீலன். தரத்துறைப் பொறியாளர். என்னை விட இரண்டு வயது சின்னவர். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடும்பம், மெதடிஸ்ட் சர்ச். எங்களைப் போன்ற ஆப்பரேட்டர்களிடம் 'நீங்க' என்று பேசிய ஒரே அதிகாரி அவர்தான். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு சின்ன பூதக்கண்ணாடி. யாராவது ஒரு போர்டைக் கொண்டுபோய், "சார், இது பாஸா ஃபெயிலா?" என்று நீட்டினால் கையை நீட்ட மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"முதல்ல கிளாஸ் சொல்லுங்க. அப்புறம் போர்டைக் காட்டுங்க."

எங்கள் தொழிலுக்கு ஒரு தரநூல் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டு, எது ஏற்கலாம், எது கூடாது என்று சொல்லும் நூல். அதில் போர்டுகளை மூன்று வகுப்பாகப் பிரித்திருப்பார்கள். பொம்மை, வானொலி முதல் வகுப்பு. கணினி, தொலைத்தொடர்பு போன்றவை இரண்டாவது. நின்றுவிடவே கூடாத இயந்திரங்கள், ஆஸ்பத்திரியில் உயிர் காப்பவை, விமானத்தில் போகிறவை, இவை மூன்றாவது. ஒரே கீறல் முதல் வகுப்பில் பாஸ், மூன்றாவதில் ஃபெயில். மூன்றாம் வகுப்புக்குத் துளைச் சுவரில் செம்பு சராசரியாக இருபத்தைந்து மைக்ரான் இருக்க வேண்டும். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு கனம். மிஸ்டர் ஜெயாவுக்கு நூல் முழுவதும் மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் திறந்து, விரலை வரியில் வைத்துப் படித்துவிட்டுத்தான் பேசுவார்.

உற்பத்திப் பிரிவில் முனியாண்டி என்று ஒரு மேற்பார்வையாளர். ஜெயாவைச் சீண்டாமல் அவருக்குப் பொழுது போகாது.

"ஏய் ஜெயா, சர்ச்ல பாவ மன்னிப்பு கேட்கப் போனா, அங்கயும் கிளாஸ் கேப்பியா?"

"கேக்க வேணாம் முனியாண்டி. அங்க எல்லாமே கிளாஸ் த்ரீ."

மிஸ்டர் ஜெயா சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று சிரித்தார்.

இனி என் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு வலது கண்ணில் மெல்லிய புகை கட்டியது போல ஆரம்பித்தது. சமையலறைக் கண்ணாடியில் நீராவி படிந்த மாதிரி. பிறகு இடது கண்ணிலும் கொஞ்சம். மைக்ரோஸ்கோப்பில் அதிகப் பெருக்கத்தில் பார்க்கும்போது எல்லாம் பெரிதாக இருப்பதால் சமாளித்தேன். அரைக்கும்போதுதான் சிக்கல். ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் வில்லையைக் கழுவி, கைக்கண்ணாடியில் பார்த்து, துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணிக்க வேண்டும். துளையின் ஓரக் கோடு எனக்குத் தெரியவில்லை. எண்ணிக்கை வைத்து அரைக்க ஆரம்பித்தேன். இந்தத் தாளில் நாற்பது, அந்தத் தாளில் அறுபது. கை பழகியிருந்ததால் பெரும்பாலும் சரியாகவே வந்தது.

அகலத்தை அளக்கக் குறைந்த பெருக்கத்துக்கு லென்ஸை மாற்ற வேண்டும். அங்கே துளையின் ஓரம் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. ஒரு நாள் அளக்காமல், வரைபடத்தில் இருந்த 0.30ஐ அப்படியே கட்டத்தில் எழுதினேன். மறுநாளும் எழுதினேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

பரிசோதகர்களுக்கு வருடம் ஒரு முறை கண் சோதனை உண்டு. தொழிற்சாலை கிளினிக்கில் தாதியாக இருந்த மிசி ஸ்டெல்லா செய்வார். கிள்ளான்காரர், என்னோடு ஒரே பஸ்ஸில் வருபவர். கையளவு அட்டையில் எழுத்துகள் வரிசையாக இறங்கும். ஸ்டெல்லாவுக்கு எப்போதும் அவசரம். மேல் வரிகளைக் கட்டைவிரலால் மூடிப் பிடித்துக்கொள்வார்.

"மேல இருக்கிறதெல்லாம் குருடனுக்கும் தெரியும். கடைசி ரெண்டு வரி மட்டும் படி லெட்சு. என் கறிபாப் ஆறிப் போகுது."

வருடா வருடம் அதே அட்டை. முதல் சில வருடங்கள் படித்தேன். பிறகு பாதி படித்து, பாதி நினைவிலிருந்து சொன்னேன். கடைசியில் பார்க்காமலே வந்தது. அரைக்கும்போது எண்ணிக்கைக்குப் பதிலாக அந்த எழுத்துகளையே வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். ஸ்டெல்லா பாஸ் என்று எழுதுவார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். கண் சோதனையில் தோற்றால் வேலையை விட்டு நிறுத்த மாட்டார்கள். பேக்கிங் பிரிவுக்கு அனுப்புவார்கள். நீண்ட மேசையில் நாற்பது பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசிக்கொண்டு வேலை செய்யும் இடம். என் கணவர் லோரி ஓட்டி முதுகு உடைந்து வீட்டில் இருந்தார். வீட்டில் எந்நேரமும் தொலைக்காட்சிச் சத்தம், அவர் முனகல். எனக்கென்று இருந்த இடம் அந்த இரைச்சல் அறை ஒன்றுதான். அதை விட முடியவில்லை. இதைக் காரணமாகச் சொல்கிறேன். இது நியாயம் என்று சொல்ல வரவில்லை.

ஒரே தடவையில் சேர்த்துச் செய்யும் போர்டுகளை லாட் என்போம். அப்படி ஒரு லாட், ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு மூச்சு கொடுக்கும் இயந்திரத்துக்குப் போகும் போர்டு. மூன்றாம் வகுப்பு. வில்லையை அரைத்தேன். கனம் இருபத்தாறு. அகலம் 0.30 என்று எழுதினேன். மிஸ்டர் ஜெயா படிவத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டார். போர்டுகள் போய்விட்டன.

மூன்று மாதம் கழித்து வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்தது. அவர்கள் சூடாக்கிக் குளிர்வித்துச் சோதித்ததில் சில போர்டுகளில் துளைச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது.

மிஸ்டர் ஜெயா அறைக்கு வந்தார். பழைய வில்லைகளை நாங்கள் பிஸ்கட் டின்களில் லாட் எண் எழுதி அடுக்கி வைத்திருப்போம். அந்த லாட்டின் வில்லையை எடுத்தார். முதலில் அப்படியே படம் எடுத்தார், அரைத்துவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது என்பதால். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே இயந்திரத்தின் முன் நின்றார்.

"லெட்சுமி, நீங்க நம்பர் எழுதிக்கிட்டே வாங்க."

முதலில் அளந்தார். "அகலம் பாயிண்ட் டூ ஃபோர். கனம் இருபத்தாறு."

நான் எழுதினேன்.

நைசுத் தாளில் கொஞ்சம் அரைத்தார். கழுவினார். வைத்தார். "பாயிண்ட் டூ சிக்ஸ். இருபத்தி மூணு."

மறுபடி அரைத்தார். "பாயிண்ட் டூ எய்ட். இருபத்தி ஒண்ணு."

ஒரு எண் ஏறிக்கொண்டே போனது. இன்னொன்று இறங்கிக்கொண்டே வந்தது. எங்கே போய் நிற்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அவர் ஒரு படியைக் கூடத் தாண்டிப் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் கழுவி, துடைத்து, வைத்து, அளந்து, சொன்னார்.

"பாயிண்ட் டூ நைன் செவன். பத்தொம்பது."

இயந்திரத்தை நிறுத்தினார். அந்த அறையில் வேலை நேரத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. என் பழைய படிவத்தை எடுத்து, அகலக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்தார்.

"பாயிண்ட் த்ரீ ஸீரோன்னு எழுதியிருக்கீங்க. அளந்தீங்களா?"

நான் தலையாட்டினேன். ஆம் என்று.

அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். "சரி," என்றார்.

மறுநாள் மதியத்துக்கு முன் ஸ்டெல்லா கூப்பிட்டனுப்பினார். "ஒண்ணுமில்ல லெட்சு. லேப் ஆளுங்க எல்லாருக்கும் இன்னொரு வாட்டி செக் பண்ணணுமாம். வா, சீக்கிரம் முடிச்சுடலாம்." வழக்கம் போலக் கட்டைவிரலால் மேல் வரிகளை மூடிக்கொண்டு அட்டையை நீட்டினார். வலது கண்ணை மூடச் சொன்னார். கடைசி இரண்டு வரியையும் நான் தயங்காமல் சொன்னேன்.

ஸ்டெல்லா எழுதவில்லை.

"இன்னொரு வாட்டி படி."

குரல் சரியாகக் கேட்கவில்லை போலும் என்று நினைத்து, இன்னும் தெளிவாக, நிறுத்தி நிறுத்தி அதே எழுத்துகளைச் சொன்னேன்.

ஸ்டெல்லா அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கட்டைவிரலை எடுத்தார்.

"இது புது கார்டுடி," என்றார். "காலையில மிஸ்டர் ஜெயா கொடுத்து விட்டாரு."

ஸ்டெல்லா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ லெட்சு, நான்தானேடி எல்லா வருஷமும் பாஸ் போட்டேன்? சொல்லியிருந்தா நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ஃபெயில் என்று எழுதினார்.

அன்று மாலை மிஸ்டர் ஜெயா என்னைத் தன் அறைக்கு அழைத்தார். கதவைத் திறந்தே வைத்தார். அவர் எப்போதும் அப்படித்தான்.

"ரிப்போர்ட்ல உங்க பேரு வராது. உங்களுக்கு உதவி பண்றதா நினைக்காதீங்க. ஆள் பேரைக் காரணமா எழுதக்கூடாது. அத்தனை வருஷமா அந்தக் கார்டை மாத்தல. அது என் ப்ரொசீஜர். அதைத்தான் எழுதப் போறேன்."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு மட்டும் தெரியணும். எவ்வளவு நாளா இப்படி?"

அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். நான் சொல்லும் நாளிலிருந்துதான் பழைய வில்லைகளை எடுத்து அரைத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன் போன போர்டுகளை யாரும் தொட மாட்டார்கள்.

மூன்று வருடம் என்பதுதான் உண்மை.

"இந்த வருஷந்தான் சார்," என்றேன்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

தலையை ஆட்டினேன். இல்லை என்று. அவர் காத்திருந்தார். பேசாத ஆளிடம் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தவர் அவர். அவ்வளவு நேரமும் காத்திருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வருடத்து வில்லைகள் எல்லாவற்றையும் மறுபடி அரைத்தார்கள். நடுவுக்கு வராதவை சில இருந்தன. அவற்றில் இன்னும் ஒரு லாட்டில் செம்பு குறைவு. இரண்டு லாட்டையும் திருப்பி வரவழைத்தார்கள். முந்தைய வருடங்களின் டின்களை யாரும் திறக்கவில்லை.

கடிதத்துக்குப் பதில் சொல்லும்போது வாடிக்கையாளருக்குப் பொறுப்பாளி என்று காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. ப்ரொசீஜரில் கையெழுத்து மிஸ்டர் ஜெயாவுடையது. அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். பெட்டிகளை எண்ணும் வேலை. நான் பேக்கிங் மேசைக்குப் போனேன். கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் என் வலது கண்ணை ஆப்பரேஷன் செய்தார்கள். கேன்டீனில் அவரைத் தினமும் பார்ப்பேன். தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். என்னைப் பார்த்தால் லேசாகத் தலையசைப்பார். நான் தட்டைப் பார்ப்பேன். ஒரு வருடத்தில் வேலையை விட்டுப் போனார். வழியனுப்பக் கேக் வெட்டினார்கள். நான் கழிவறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

பிறகு அறையை வேறு கட்டடத்துக்கு மாற்றியபோது பழைய டின்களை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டார்கள். பேக்கிங் வாசலில் நின்று பார்த்தேன். லோரியில் தகரச் சத்தம். எனக்கு அப்போது வந்தது நிம்மதிதான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

இந்த வருடம் இடது கண்ணுக்கு ஆப்பரேஷன். அதே ஆஸ்பத்திரி. வார்டில் எனக்குப் பக்கத்தில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் மூச்சு கொடுக்கும் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆள் யாரென்று தெரியாது, பார்க்கவில்லை. இழுத்து, நிறுத்தி, விட்டு. இழுத்து, நிறுத்தி, விட்டு. உள்ளே யாருடைய போர்டு இருக்கிறதோ. நம்முடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அது ஒரு தடவை கொஞ்சம் கூடுதலாக நின்றது போல இருந்தபோது நான் கட்டிலை விட்டு இறங்கிவிட்டேன். தாதி வந்து, "என்ன ஆன்டி, பாத்ரூமா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்தில்தான் புஷ்பா கூப்பிட்டாள். நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லி.

போன சனிக்கிழமை கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தேன். ஸ்டெல்லாவிடம் மிஸ்டர் ஜெயாவின் முகவரி வாங்கியிருந்தேன். ஃப்ளாட் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நடைபாதையில் மேடு மேடாகப் பதித்திருந்த மஞ்சள் கோட்டில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வெள்ளைக் கோல் தட்டும் சத்தம்.

"கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கக்கா, அது எங்க ரோடு," என்றார் பார்வையில்லாத ஒருவர், சிரித்துக்கொண்டே. நான் புளோக் எண்ணைச் சொன்னேன். "நேரா போங்க. பூக்கடை வாசம் முடியிற இடத்துல இடது பக்கம்."

அவர் சொன்ன இடத்தில் இருந்தது.

மிஸ்டர் ஜெயாதான் கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டைப் பையில் பேனா இருந்தது.

"லெட்சுமியா? வாங்க, வாங்க. கண்ணு எப்படி இருக்கு?"

"ரெண்டும் பண்ணியாச்சு சார்."

அவர் பால் விடாமல் தே ஓ போட்டுக் கொண்டு வந்தார். மனைவி சர்ச்சுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். நான் ரயிலில் வரும்போது சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. கோப்பையைக் கீழே வைத்தேன்.

"மூணு வருஷம் சார்."

அவருக்கு உடனே புரிந்தது. ஏழு வருடத்துக்கு முன் கேட்ட கேள்விக்குப் பதில் என்று.

"அகலத்தையும் அளக்கல. வரைபடத்தைப் பார்த்து எழுதினேன்."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார், வீட்டுக்குள்ளே, நாற்காலி முன் நின்றபடி.

"அந்த மூணு வருஷத்து லாட்," என்றார். "எந்த கிளாஸ்?"

"எல்லாம் இருந்துச்சு சார். மூணும் இருந்துச்சு."

"டின்னுங்க?"

"போட்டுட்டாங்க."

அவர் சன்னல் பக்கம் போய் நின்றார். கீழே மோனோரயில் போகும் சத்தம் கேட்டு அடங்கியது.

"உங்களை மட்டும் சொல்ல முடியாது," என்றார். "அளந்தா ஒரு நாளும் கச்சிதமா பாயிண்ட் த்ரீ ஸீரோ வராதுங்க. டூ நைன் எய்ட் வரும், டூ நைன் ஃபைவ் வரும். அன்னைக்கு உங்க ஃபார்மைப் பார்த்ததுமே எனக்குத் தோணுச்சு. பழைய ஃபைலை இறக்கிப் பார்த்திருந்தா, எந்த நாள்லேருந்து கச்சிதமா வருதுன்னு தெரிஞ்சிருக்கும். நீங்க தலையாட்டுனீங்க, நான் எடுத்துக்கிட்டேன். பெரிய கஸ்டமர். ரெண்டு லாட்டோட முடிஞ்சா போதும்னு எனக்கும் இருந்துச்சு."

எனக்கு அவர் மன்னிப்பார் என்று ஒரு எண்ணம் இருந்திருக்க வேண்டும். வேலை போனதைப் பற்றி ஏதாவது சொல்வார், நான் அழுவேன், அவர் பரவாயில்லை என்பார் என்று. வேலை போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"பேப்பர் ஃபைல் இன்னும் இருக்கும்," என்றார். "ஹாஸ்பிட்டல் ஜாமான் பேப்பரை அவ்வளவு சீக்கிரம் தூக்கிப் போட மாட்டாங்க. எழுதுங்க. யாருக்கு எழுதணும்னு உங்களுக்கே தெரியும். என் பேரையும் போடுங்க."

வாசல் வரை வந்தார். படியில் இறங்கும்போது, "கண்ணாடி போட்டுக்குங்க லெட்சுமி, வெயில் படக்கூடாது," என்றார்.

அதனால், புஷ்பா, நல்லதாக நாலு வார்த்தை இல்லை. அந்தக் கடிதம் வருவதற்கு முந்தைய மூன்று வருடப் படிவங்களை இறக்கு. என் கையெழுத்து உனக்குத் தெரியும். துளையின் அகலம் என்ற கட்டத்தில் வரைபடத்தில் உள்ள எண் அப்படியே, கச்சிதமாக இருக்கும் தாள்களை எல்லாம் தனியாக எடு. அவை அளக்காதவை. மூன்றாம் வகுப்பை முதலில் பார். போர்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று வாங்கியவர்களுக்கு எழுதிக் கேட்க ஒரு வழி இருக்கும். இந்தத் தாளை மேலே கொண்டுபோய்க் கொடு. என் பெயரை அடித்துவிடாதே. அவர் பெயரையும் அவர் போடச் சொன்னதால்தான் எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் புது இயந்திரம் வந்த பிறகும் அந்தக் கட்டத்தை எடுத்துவிட விடாதே.

நேற்று ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அளவு எடுத்தார்கள். இளம் மிசி, முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. அட்டையை நீட்டினாள். நான் அறியாத அட்டை. மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஐந்தாவது வரியில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"தெரியல," என்றேன்.

"பரவால ஆன்டி. சும்மா குத்துமதிப்பா சொல்லுங்க. ரெண்டு சரியா வந்தா போதும், பாஸ் போட்டுடலாம்."

"வேணாம்மா," என்றேன். "தெரியலைன்னே எழுதுங்க."

அவள் எழுதும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.